நெடுந்தூரப் பயணத்துக்கு முன் பைக்கை நீங்களே தயார்செய்வது எப்படி?

கிளம்புவதற்கு முந்தின ராத்திரி வண்டியைப் பிரித்துப் போட்டு உட்காருவதைப் போல விஷப்பரீட்சை வேறில்லை. புது செயின் ஓட ஓடக் கொஞ்சம் தளரும். புது பிரேக் பேட் டிஸ்க்கோடு படிந்து பழக நேரம் எடுக்கும். சரியாக முறுக்காத போல்ட் முதல் ஐம்பது கிலோமீட்டருக்குள் தன் வேலையைக் காட்டிவிடும். எனவே பராமரிப்பு வேலையைப் பயணத்துக்குப் பத்து நாள் முன்பே முடித்துவிடுங்கள். மீதி நாட்களில் வழக்கம்போல வண்டியை ஓட்டி, குறைந்தது நூறு கிலோமீட்டராவது ஓடவிட்டு, கழற்றி மாட்டிய இடங்களை இன்னொரு தடவை பார்த்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

மெக்கானிக் ஒரு மணி நேரத்தில் முடிக்கிற வேலைக்கு நாம் ஏன் ஒரு நாள் முழுக்க மெனக்கெட வேண்டும் என்று கேட்கலாம். காசு மிச்சமாகும் என்பது சின்னக் காரணம்தான். ஆள் நடமாட்டம் இல்லாத சாலையில் வண்டி படுத்துவிட்டால், பையில் இருக்கும் ஸ்பேனரும் நம் கைப்பழக்கமும்தான் துணை. வீட்டு நிழலில் ஒரு தடவை பின்சக்கரத்தைக் கழற்றி மாட்டியவர் சாலையோரத்தில் பதற மாட்டார். அதனால் ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்வேன்: பயணத்தில் எடுத்துப்போகப் போகும் கருவிகளை வைத்தே வீட்டிலும் வேலை செய்யுங்கள். வேலைக்கு நடுவே எழுந்துபோய் வேறு எதையாவது தேடி எடுத்துவந்தால், அதுவும் அப்போதே பயணப் பைக்குள் போய்விட வேண்டும். இப்படிச் சேர்கிற டூல் கிட், கடையில் பெட்டியாக வாங்குவதைவிட நூறு மடங்கு மேல்.

என்னென்ன வேண்டும்

முதலில் வண்டியோடு வந்த கையேடு. பலர் அதைப் பிரித்தே பார்த்திருக்க மாட்டார்கள். டயருக்கு எவ்வளவு காற்று, எந்த ஆயில், எத்தனை மில்லி, செயின் தொய்வு எவ்வளவு, எந்த போல்ட்டை எவ்வளவு முறுக்க வேண்டும் என எல்லாம் அதில் இருக்கும். இந்தக் கட்டுரையில் நான் தரும் அளவுகள் பொதுவானவை. உங்கள் வண்டியின் கையேடு வேறு அளவைச் சொன்னால் அதுதான் சரி.

பெரும்பாலான பைக்குகளுக்கு 8, 10, 12, 14, 17 மி.மீ. ஸ்பேனர்களே போதும். சக்கர அச்சை இறுக்கிப் பிடிக்கும் ஆக்ஸில் நட்டு மட்டும் பெரிதாக இருக்கும், அதற்குரிய அளவைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். 4, 5, 6 மி.மீ. ஆலன் கீ, நட்சத்திரத் திருப்புளி, தட்டைத் திருப்புளி, கட்டிங் பிளேயர், பிளக் ஸ்பேனர், டயர் கேஜ், ஒரு மலிவான மல்டிமீட்டர், பழைய பல் துலக்கும் பிரஷ், நிறையப் பழந்துணி. எவ்வளவு முறுக்குகிறோம் என்பதை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் கிடைத்தால் நல்லது. அதைப் பயணத்துக்குத் தூக்கிப்போக வேண்டியதில்லை. ஆனால் வீட்டில் ஒருமுறை அதை வைத்து முறுக்கிப் பார்த்தால், எவ்வளவு அழுத்தம் போதும் என்பது கைக்குப் பிடிபட்டுவிடும்.

கழற்றும் முன் செல்போனில் ஒரு படம் எடுங்கள். கழற்றிய போல்ட்டுகளைக் கழற்றிய வரிசையிலேயே ஒரு தட்டில் அடுக்கி வையுங்கள். மாட்டும்போது ஒரு வாஷர் மிஞ்சினால் அது எங்கிருந்து வந்தது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியிருக்காது.

கழுவுவதில் இருந்து தொடங்குங்கள்

சேறு அப்பிய வண்டியில் ஆயில் கசிவும் தெரியாது, விரிசலும் தெரியாது. வாளித் தண்ணீர், சோப்பு, துணி போதும். அழுத்தமாகப் பீய்ச்சும் தண்ணீரைச் சக்கர அச்சு, செயின், மின்இணைப்புகள் பக்கம் காட்ட வேண்டாம். பேரிங்கில் இருக்கும் கிரீஸை அது அடித்துக்கொண்டு போய்விடும். கழுவும்போது கை ஒவ்வொரு பாகத்தையும் தொட்டுப் போகும், கூடவே கண்ணும் போகட்டும். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாயில் ஆயில் வளையம் இருக்கிறதா? இன்ஜின் அடியில் ஈரம்? சைலன்சர் தாங்கியில் கீறல்? நம்பர் பிளேட் ஆடுகிறதா? குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு பத்து நிமிடம் ஓட்டிவிட்டு வாருங்கள். வண்டியும் காயும், இன்ஜினும் செயினும் சூடாகும். அடுத்த இரண்டு வேலைகளுக்கு அந்தச் சூடு தேவை.

இன்ஜின் ஆயில்

ஆயில் மாற்றி வெகுநாள் ஆகவில்லை, மாற்ற வேண்டிய கிலோமீட்டருக்கு முன்பே பயணம் முடிந்துவிடும் என்றால், அளவை மட்டும் பார்த்தால் போதும். பயணத்தின் நடுவில் அந்தக் கிலோமீட்டர் வருமானால் இப்போதே மாற்றிவிடுவது புத்திசாலித்தனம்.

எந்த ஆயில் என்பதில் புதியவர்கள் அடிக்கடி தடுமாறுகிறார்கள். 10டபிள்யூ-30, 20டபிள்யூ-40 என்பதெல்லாம் ஆயிலின் தடிமனைச் சொல்பவை. கையேட்டில் உள்ளதையே வாங்குங்கள். டப்பாவின் பின்புறம் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: ஜாசோ எம்ஏ (JASO MA) அல்லது எம்ஏ2 (MA2) என்ற தரக்குறி. பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் தட்டுகள் இன்ஜின் ஆயிலிலேயே நனைந்து கிடக்கின்றன. காருக்கான ஆயில் சிலவற்றில் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் இருக்கும். காருக்கு அது நல்லது. இங்கே போட்டால் கிளட்ச் வழுக்கும், மேட்டில் இன்ஜின் கத்தும், வண்டி நகராது.

இன்ஜினை அணைத்துவிட்டு, அடியில் தட்டை வைத்து, வடிகால் போல்ட்டைக் கழற்றுங்கள். கடைசி இரண்டு சுற்றைக் கையால் சுற்றும்போது போல்ட்டை உள்பக்கமாக அழுத்திப் பிடித்தால் ஆயில் கையில் கொட்டாது. சூடு இருக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். வடிந்த ஆயிலைப் பாருங்கள். கறுப்பாக இருப்பது இயல்பு. பால் கலந்தாற்போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் கலந்திருக்கிறது. விரலில் தேய்க்கும்போது லேசான மினுமினுப்பு இருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. துகள் துகளாக உலோகம் தென்பட்டால் பயணத்தைத் தள்ளிவைத்து மெக்கானிக்கைப் பாருங்கள்.

ஆயில் ஃபில்டரையும் அதன் ரப்பர் வளையத்தையும் மாற்றுங்கள். ஃபில்டர் எந்தப் பக்கம் உள்ளே போகிறது என்பதைக் கழற்றும்போதே கவனியுங்கள். வடிகால் போல்ட்டின் வாஷரும் புதிதாக இருக்கட்டும். போல்ட்டைத் திரும்ப மாட்டும்போது ஸ்பேனரை எடுக்காமல் முதலில் கையாலேயே நாலைந்து சுற்று சுற்றுங்கள். அலுமினிய உறையில் மரை போய்விட்டால் அதைச் சரிசெய்வது பெரிய வேலை.

சொல்லியிருக்கும் அளவில் ஒரு நூறு மில்லி குறைவாக ஊற்றி, இன்ஜினை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, மூன்று நிமிடம் பொறுத்து, வண்டியை நேராக நிறுத்தி அளவைப் பாருங்கள். சைடு ஸ்டாண்டில் சாய்ந்த வண்டியில் பார்க்கும் அளவு பொய்யளவு. அளவுக்குச்சி இருக்கும் வண்டிகளில் அதை மரையில் சுற்றிப் பார்க்க வேண்டுமா, சும்மா நுழைத்துப் பார்க்க வேண்டுமா என்பது வண்டிக்கு வண்டி மாறும். கையேட்டில் பாருங்கள். குறைந்தால் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கலாம். மேல் கோட்டைத் தாண்ட விட வேண்டாம், கூடுதல் ஆயிலும் கெடுதல்தான். பழைய ஆயிலை டப்பாவில் அடைத்து, அதை வாங்கிக்கொள்ளும் இடத்தில் கொடுங்கள். சாக்கடையிலும் மண்ணிலும் கொட்ட வேண்டாம்.

தண்ணீரால் குளிரும் இன்ஜின் என்றால் கூலன்ட் தொட்டியில் அளவு இரண்டு கோடுகளுக்கு நடுவே இருக்க வேண்டும். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்கவே கூடாது.

செயின்

பயணத்தில் ரொம்பவும் உழைப்பது இதுதான், புதியவர்கள் பிழையாகக் கையாள்வதும் இதைத்தான். எனவே நிதானமாகப் பார்ப்போம்.

முதல் எச்சரிக்கை: இன்ஜினை ஓடவிட்டு, கியரில் போட்டு, சுற்றும் செயினில் துணியைப் பிடிக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. செயினுக்கும், அது ஓடும் பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டுக்கும் நடுவில் விரல் போனால் போனதுதான். இன்ஜினை அணையுங்கள், நியூட்ரலில் போடுங்கள், சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள்.

செயினை மாற்ற வேண்டுமா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பின் ஸ்பிராக்கெட்டின் கடைக்கோடியில், அதாவது செயின் வளைந்து திரும்பும் நடு இடத்தில், ஒரு கண்ணியைப் பிடித்துப் பின்பக்கமாக இழுங்கள். பல்லை விட்டு அசையவில்லை என்றால் நல்ல செயின். பாதிப் பல் வெளியே தெரியும் அளவுக்கு வந்தால் அதன் ஆயுள் முடிந்தது. பற்களையும் பாருங்கள். அலை அடிப்பதுபோல ஒரு பக்கம் சாய்ந்து கொக்கியாகியிருந்தால் அதுவும் முடிந்தது. மாற்றும்போது செயின், முன் ஸ்பிராக்கெட், பின் ஸ்பிராக்கெட் மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். தேய்ந்த பல் புது செயினையும் சீக்கிரம் தின்றுவிடும். கிளிப் போட்ட இணைப்புக் கண்ணி இருந்தால், கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்து இருக்கிறதா என்றும் கவனியுங்கள்.

சுத்தம் செய்ய மண்ணெண்ணெய் அல்லது இதற்கென்றே விற்கும் கிளீனர். கண்ணிகளுக்கு நடுவே சின்ன ரப்பர் வளையங்கள் தெரிந்தால் அது ஓ-ரிங் செயின். பெட்ரோலும் கம்பி பிரஷும் அந்த ரப்பரைக் கெடுத்துவிடும். மென்மையான பிரஷால் தேய்த்து, துணியால் துடைத்து, காயவிடுங்கள்.

அடுத்து தொய்வு. கீழ்ப்பக்கச் செயினின் நடுவில் ஒரு ஸ்கேலை நிறுத்திப் பிடியுங்கள். செயினை விரலால் கீழே இழுத்து ஒரு அளவு, மேலே தள்ளி ஒரு அளவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் தொய்வு. 20 முதல் 35 மி.மீ. வரை என்று பல வண்டிகளுக்குச் சொல்லியிருப்பார்கள். நெடுந்தூரத்துக்கு உயரமாகச் செய்த வண்டிகளில் இதைவிடக் கூடுதலாகவும் இருக்கும். ஓரிடத்தில் அளந்துவிட்டு விட்டுவிடாதீர்கள். சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி நாலைந்து இடங்களில் பாருங்கள். செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேயாது. எங்கே ரொம்ப இறுக்கமாக இருக்கிறதோ அந்த இடத்தை வைத்துத்தான் சரிசெய்ய வேண்டும். சைடு ஸ்டாண்டிலா, சென்டர் ஸ்டாண்டிலா, எதில் நிறுத்தி அளக்க வேண்டும் என்பதையும் கையேடு சொல்லும்.

தொளதொளவென்று ஆடுகிறதே என்று செயினை வில்லாக இறுக்கிவிடுவதுதான் பலர் செய்வது. ஆள் ஏறி உட்கார்ந்து, சுமையும் ஏறி, ஷாக் அழுந்தும்போது முன் ஸ்பிராக்கெட்டுக்கும் பின்சக்கரத்துக்கும் உள்ள தூரம் கூடும். நின்ற வண்டியிலேயே இறுகியிருக்கும் செயின் அப்போது கியர்பாக்ஸ் பேரிங்கையே பிடித்து இழுக்கும். செயின் கொஞ்சம் தளர்வாக இருந்தால் சத்தம்தான் வரும். இறுகினால் செலவு வரும்.

சரிசெய்ய, முதலில் ஆக்ஸில் நட்டைத் தளர்த்துங்கள், முழுக்கக் கழற்ற வேண்டாம். பின்னால் டிரம் பிரேக் என்றால் பிரேக் தட்டைத் தாங்கும் கம்பியின் நட்டையும் தளர்த்த வேண்டியிருக்கும். இருபக்கமும் உள்ள அட்ஜஸ்டர்களின் பூட்டு நட்டை விடுவித்து, இடப்பக்கம் கால் சுற்று, வலப்பக்கம் அதே கால் சுற்று என்று மாறி மாறித் திருப்புங்கள். பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்-ஆர்மில் செதுக்கியிருக்கும் கோடுகள் இருபக்கமும் ஒரே எண்ணிக்கையில் நிற்க வேண்டும். பிறகு வண்டிக்குப் பின்னால் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, செயின் ஓடும் கோட்டைப் பாருங்கள். ஸ்பிராக்கெட்டை விட்டு வெளியே வரும் இடத்தில் அது பக்கவாட்டில் வளையாமல் நேராகப் போக வேண்டும்.

இங்கே மெக்கானிக்குகளின் கைவித்தை ஒன்று. ஆக்ஸில் நட்டை முறுக்கும் முன், மடித்த துணியைச் செயினுக்கும் பின் ஸ்பிராக்கெட்டுக்கும் நடுவில் கொடுத்துச் சக்கரத்தைக் கையால் லேசாகத் திருப்பினால், துணி மாட்டி ஆக்ஸில் முன்பக்கமாக இழுபட்டு அட்ஜஸ்டரில் நன்றாக உட்காரும். அந்த நிலையிலேயே நட்டை முறுக்குங்கள். அப்புறம் துணியை மறக்காமல் எடுத்துவிட்டு, தொய்வை மறுபடி அளங்கள். முறுக்கும்போது அளவு மாறுவது சகஜம். நட்டு கழலாமல் தடுக்கும் காட்டர் பின் இருந்தால் புதியதைப் போடுங்கள். டிரம் பிரேக் என்றால் மிதியின் விளையாட்டையும், அதாவது பிரேக் பிடிக்கும் முன் மிதி சும்மா இறங்கும் தூரத்தையும், திரும்பச் சரிசெய்ய வேண்டும், ஏனென்றால் சக்கரம் நகர்ந்துவிட்டது.

கடைசியாக எண்ணெய். கீழ்ப்பக்கச் செயினின் உள்பக்கத்தில், அதாவது ஸ்பிராக்கெட்டைத் தொடும் பக்கத்தில் விடுங்கள். செயின் சுற்றும்போது எண்ணெய் தானாக வெளிப்பக்கம் பரவும். செயின் சூடாக இருக்கும்போது விட்டு, ஒரு ராத்திரி அப்படியே நிறுத்தி, காலையில் மிச்சத்தைத் துடைத்துவிட்டால் சக்கரமெல்லாம் தெறிக்காது. டயரிலோ டிஸ்க்கிலோ ஒரு சொட்டுக்கூடப் படக் கூடாது.

பிரேக்

இதில் துணிச்சலைக் காட்ட வேண்டாம். பார்ப்பதையும் பேட் மாற்றுவதையும் நீங்களே செய்யலாம். பிரேக் ஆயில் மாற்றி, குழாயில் சிக்கிய காற்றை எடுப்பதை முதல் தடவை தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது செய்யுங்கள்.

டார்ச் அடித்து, டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பருக்குள் பாருங்கள். பேடின் உலோகத் தகட்டின் மேல் ஒட்டியிருக்கும் பொருளின் தடிமன் 2 மி.மீ.க்கும் குறைவு என்றால், பயணத்துக்கு முன் மாற்றிவிடுங்கள். பேடில் தேய்மானத்தைக் காட்டும் பள்ளம் இருந்தால், அது மறைந்துபோகும் நிலையும் மாற்ற வேண்டிய நிலைதான். டிஸ்க்கிலும் குறைந்தபட்சத் தடிமன் பொறிக்கப்பட்டிருக்கும். டிரம் பிரேக்கில் பிரேக்கை முழுக்க மிதித்துப் பிடிக்கும்போது வெளியே உள்ள அம்புக்குறி எல்லைக் கோட்டைத் தொட்டால் ஷூ தேய்ந்துவிட்டது.

பேட் மாற்றும்போது, காலிப்பர் வண்டியில் மாட்டியிருக்கும்போதே பேடைப் பிடிக்கும் பின்னைத் தளர்த்திவிடுங்கள், கழற்றிய பிறகு அது சுலபத்தில் அசையாது. பழைய பேடை வைத்தே, காலிப்பருக்குள் பேடைத் தள்ளும் பிஸ்டனை மெதுவாக உள்ளே தள்ளுங்கள். தள்ளும்போது மேலே பிரேக் ஆயில் தொட்டியில் மட்டம் ஏறும், வழிந்துவிடாமல் கவனியுங்கள். பெயின்ட்டில் பட்டால் உரித்துவிடும். பட்ட இடத்தில் உடனே தண்ணீர் ஊற்றுங்கள். காலிப்பர் வெளியே தொங்கும்போது லீவரைப் பிடிக்கவே கூடாது. எல்லாவற்றையும் மாட்டி முடித்ததும், வண்டியில் ஏறும் முன்பே லீவர் கல்லுபோல இறுகும்வரை பல தடவை அமுக்குங்கள். இதை மறந்துவிட்டு ஏறினால், முதல் பிரேக்கில் லீவர் கைப்பிடி வரை சும்மா போய்வரும்.

தொட்டியில் ஆயில் மட்டம் இறங்கியிருக்கிறது என்றதும் ஊற்றி நிரப்பிவிடாதீர்கள். பேட் தேயத் தேய மட்டம் இறங்குவது இயற்கை. பேட் நன்றாக இருந்தும் மட்டம் இறங்கினால் கசிவைத் தேடுங்கள். டாட் 3, டாட் 4 (DOT 3, DOT 4) எனக் குறியிட்ட பிரேக் ஆயில்கள் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 ஆயில் 230 டிகிரி செல்சியஸுக்குக் கீழே கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறியபின் அந்த எல்லை 155 டிகிரி. மலையிறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கும்போது ஆயில் கொதித்துவிட்டால், குழாயில் ஆவி நிரம்பி லீவர் பஞ்சாகிவிடும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதனால்தான். நிறம் தேநீர் மாதிரி கறுத்திருந்தால் பயணத்துக்கு முன்பே மாற்றிவிடுங்கள். டாட் 5 என்பது சிலிக்கான் வகை, அதை மற்றவற்றோடு கலக்கக் கூடாது.

டயர்

காற்றை வண்டி குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். ஓட்டியவுடன் பார்த்தால் சூட்டில் அழுத்தம் கூடிக் காட்டும், அதை நம்பிக் காற்றை இறக்கினால் உண்மையில் குறைவாகிவிடும். சின்ன பைக்குகளில் முன்னே 25, பின்னே 28 பிஎஸ்ஐ என்பது பரவலான அளவு. பின்னால் ஆளோ சுமையோ ஏறினால் பின் டயருக்கு இன்னும் கூட்ட வேண்டும், அந்த அளவு ஸ்விங்-ஆர்ம் அல்லது செயின் கவரில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும்.

டயர் ஓரத்தில் டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்தோ சின்ன முக்கோணமோ இருக்கும். அதற்கு நேரே பள்ளத்துக்குள் ஒரு மேடு தெரியும். டயர் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் முடிந்தது. நெடுந்தூரம் போகும்போது அந்த எல்லை வரை காத்திருக்க வேண்டாம். பயணத்தின் பாதியில் டயர் அங்கே போய் நிற்கும். ஓரத்தில் பொறித்த நான்கு இலக்கங்களையும் பாருங்கள். 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. ஐந்தாறு வருஷம் தாண்டிய டயரில் பள்ளம் ஆழமாக இருந்தாலும் ரப்பர் கெட்டியாகி, ஓரத்தில் மயிரிழை விரிசல்கள் ஓடியிருக்கும். அதை நம்பிப் போகாதீர்கள்.

வால்வின் வாயில் கொஞ்சம் எச்சிலோ சோப்புத் தண்ணீரோ வைத்துக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். ஸ்போக் சக்கரமென்றால் ஒவ்வொரு கம்பியையும் ஸ்பேனரால் தட்டிக்கொண்டே போங்கள். இறுகிய கம்பி கணீரென்றும் தளர்ந்தது மந்தமாகவும் ஒலிக்கும்.

கேபிள், பிளக், ஃபில்டர், பேட்டரி

கிளட்ச் கேபிள் பெரும்பாலும் லீவர் அருகே, உருண்டை முனை உட்காரும் இடத்தில்தான் அறும். லீவரைப் பிடித்து அந்த இடத்தை டார்ச்சில் பாருங்கள். ஒரே ஒரு இழை பிரிந்திருந்தாலும் மாற்றுங்கள். லீவர் நுனியில் 10 முதல் 20 மி.மீ. விளையாட்டு இருந்தால் சரி. நெடுந்தூரம் ஓட்டுகிறவர்கள் செய்யும் உபாயம் ஒன்று உண்டு: புது கேபிளைப் பழையதன் பக்கத்திலேயே ஓடவிட்டுக் கட்டிவைப்பது. வழியில் அறுந்தால், டேங்கைக் கழற்றாமல் இரண்டு முனைகளையும் மாட்டினால் போதும், ஐந்து நிமிட வேலை. ஆக்ஸிலரேட்டர் கைப்பிடியை முறுக்கி விட்டால் பட்டென்று திரும்ப வேண்டும். இன்ஜின் ஓடும்போது ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். இன்ஜின் சத்தம் ஏறினால் கேபிள் எங்கோ இழுபடுகிறது.

ஸ்பார்க் பிளக்கை இன்ஜின் ஆறியபின் கழற்றுங்கள். முனை மர நிறத்தில் இருந்தால் எல்லாம் நலம். கரி படிந்து கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. வெளுத்திருந்தால் இன்ஜின் அதிகம் சூடாகிறது. ஆயிலில் நனைந்திருந்தால் மெக்கானிக் பார்க்க வேண்டிய விஷயம். திரும்ப மாட்டும்போது ஸ்பேனர் வேண்டாம், கையாலேயே கடைசிவரை சுற்றி, பிறகு புது பிளக்குக்கு அரைச் சுற்று, பழையதற்கு அதில் கால்வாசி மட்டும் முறுக்கினால் போதும். காகித ஏர் ஃபில்டர் அழுக்கேறியிருந்தால் மாற்றுங்கள். ஸ்பாஞ்ச் வகையை மண்ணெண்ணெயில் கழுவிக் காயவைத்து, ஃபில்டர் ஆயிலில் நனைத்துப் பிழிந்து மாட்டலாம்.

பேட்டரியைச் சில மணி நேரம் வண்டி நின்றபின் அளங்கள். 12.6 வோல்ட் இருந்தால் முழுக்க ஏறியிருக்கிறது, 12.4க்குக் கீழே என்றால் சார்ஜ் போடுங்கள். இன்ஜினை உயர்த்தி ஓட்டும்போது 13.5 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் புது பேட்டரி வாங்கிப் பயனில்லை, சார்ஜ் ஏறும் பக்கம்தான் கோளாறு. கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். ஃப்யூஸ் போனால் அதே ஆம்பியரில்தான் போட வேண்டும். பெரியதைப் போட்டால் ஃப்யூஸுக்குப் பதில் ஒயர் எரியும்.

விளக்குகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். முன் பிரேக்குக்கும் பின் பிரேக்குக்கும் தனித்தனி ஸ்விட்ச். இரண்டிலும் பின்னால் உள்ள பிரேக் விளக்கு எரிய வேண்டும்.

முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஹேண்டிலை மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் கொக்கி மாட்டியதுபோல நின்றால் ஸ்டியரிங் பேரிங் போயிருக்கிறது. ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் 'டக் டக்' என்று கை உணரக் கூடாது. சக்கரத்தையும் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். இவற்றில் ஏதாவது இருந்தால் மெக்கானிக்கிடம் விடுங்கள். வால்வு இடைவெளி, கிளட்ச் தட்டு, ஃபோர்க் சீல் இதிலெல்லாம் முதல் பயணத்துக்கே அகலக்கால் வைக்க வேண்டாம்.

போல்ட் முறுக்குவது

தளர்ந்து விழும் போல்ட் ஒரு தொல்லை என்றால், கைப்பலத்தைக் காட்டி முறுக்கிய போல்ட் அதைவிடப் பெரிய தொல்லை. 10 ஸ்பேனரில் திருப்பும் 6 மி.மீ. போல்ட்டுகளுக்குப் பொதுவாக 10 நியூட்டன் மீட்டர் போதும். பத்து சென்டிமீட்டர் நீள ஸ்பேனரின் நுனியில் பத்து கிலோவைத் தொங்கவிட்டால் வரும் அழுத்தம் அவ்வளவுதான். ஆக்ஸில் நட்டுக்கு அதைப் போலப் பல மடங்கு வேண்டும். இரண்டையும் ஒரே பலத்தில் முறுக்குவதுதான் வினை.

சரியாக முறுக்கிய போல்ட்டின் தலையிலிருந்து பக்கத்து உலோகம் வரை வெள்ளைப் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். போல்ட் நகர்ந்தால் கோடு உடைந்து தெரியும். ஆக்ஸில், காலிப்பர், ஹேண்டில் கிளாம்ப், சைலன்சர், பொருள் வைக்கும் கேரியர் ஆகிய இடங்களில் போட்டால் போதும்.

சுமையோடு ஒரு ஒத்திகை

எல்லாம் முடிந்தபின், எடுத்துப்போகும் மூட்டை முடிச்சுகள் அத்தனையையும் கட்டி ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். கனமானவை கீழேயும் நடுவிலும் இருக்கட்டும். கட்டிய வாரின் நுனி ஒன்றுகூடச் செயின் பக்கம் தொங்கக் கூடாது, பை சைலன்சரைத் தொடக் கூடாது. பின் ஷாக்கை ஒன்றிரண்டு படி கூட்டுங்கள். சுமையில் பின்பக்கம் தாழ்வதால் ஹெட்லைட் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும், அதையும் இறக்கிச் சரிசெய்யுங்கள்.

பையில் வேலை செய்த ஸ்பேனர்களோடு, பஞ்சர் கிட், கைப்பம்பு, டியூப் டயர் என்றால் ஒரு டியூபும் டயர் லீவரும், ஒரு பிளக், ஃப்யூஸ்கள், செயின் இணைப்புக் கண்ணி, கட்டுக்கம்பி, பிளாஸ்டிக் டை, இன்சுலேஷன் டேப், சின்ன டப்பாவில் செயின் எண்ணெய். பஞ்சர் கிட்டைப் பழைய டயர் ஒன்றில் ஆணியடித்து ஒருமுறை ஒட்டிப் பழகிக்கொள்ளுங்கள். மாற்றுச் சாவியை வண்டியிலோ அந்தப் பையிலோ வைக்காமல் உடம்போடு வைத்திருங்கள்.

கிளம்பிய நாளில் முதல் நூறு கிலோமீட்டருக்குள் ஒரு தடவை நிறுத்தி, வெள்ளைக் கோடுகளையும் மூட்டையின் கட்டையும் பாருங்கள். அப்புறம் தினமும் காலையில் காற்று, ஆயில் அளவு, விளக்கு, செயின் தொய்வு. செயினுக்கு ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய், மழையில் ஓட்டியிருந்தால் அன்று சாயங்காலமே.